வெல்லெஸ்லியா, பெயர்டா?

திருகோணமலை பிரட்ரிக் கோட்டை வாசலைத் தாண்டி, மான்களுக்கு வாழைப்பழத் தோலை நீட்டிக்கொண்டேதான் கோணேசர் கோயிலுக்கு நடப்போம். உள்ளே ஒரு பழைய பங்களா இருக்கிறது. பின்னாளில் வெலிங்டன் பிரபுவான பிரித்தானியப் படை அதிகாரி ஆர்தர் வெல்லெஸ்லி தங்கிய வீடு என்று காட்டுவார்கள். அவருக்குப் போட்டியாக நின்ற டேவிட் பெயர்டைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. எனக்கு அது பெரிய மனக்குறை.

பெயர்ட் வெல்லெஸ்லியைவிட 11 வயதுக்கு மேல் மூத்தவர். 1780இல் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்திலுள்ள புள்ளலூரில் காயத்தோடு ஹைதர் அலி படையிடம் பிடிபட்டு, மைசூர்த் தலைநகரான சீரங்கப்பட்டணத்தில் 44 மாதம் சிறையில் கிடந்தார். இன்னொரு கைதியோடு சேர்த்துச் சங்கிலி. ஸ்கொட்லாந்தில் செய்தி கேட்ட தாய், தன் மகனோடு கட்டப்பட்டவன் பாடுதான் பாவம் என்றாராம். அவ்வளவு முரட்டுப்பிள்ளை.

அதே சீரங்கப்பட்டணத்துக்குள் 1799 மே 4ஆம் திகதி பிரித்தானியப் படையை முன்னின்று நடத்திப் புகுந்தவரும் அவர்தான். அடுத்த நாளே நகரப் பொறுப்பு வெல்லெஸ்லியின் கைக்குப் போனது. பெயர்ட் மேஜர் ஜெனரல், வெல்லெஸ்லி வெறும் கேணல். உத்தரவு படைத்தலைவர் ஜெனரல் ஹரிஸுடையது, சரி. ஆனால் அப்போது கல்கத்தாவில் கவர்னர் ஜெனரலாக இருந்தவர் வெல்லெஸ்லியின் அண்ணன் ரிச்சர்ட்.

தராசு மறுபக்கம் சாய்ந்தது திருகோணமலையில். 1800 டிசம்பரில் கடல்கடந்த படையெடுப்புக்கு ஆளும் பண்டமும் சேர்க்க வெல்லெஸ்லி இங்கே வந்தார். இலக்கு எகிப்து என்று மாறியதும் கல்கத்தா உத்தரவுக்குக் காத்திராமல் படையோடு பம்பாய்க்குக் கப்பலேறினார். உணவும் தண்ணீரும் அங்கேதான் தாராளமாகக் கிடைக்கும் என்ற கணக்கு. நல்ல கணக்குத்தான். ஆனால் தலைமை மூத்தவரான பெயர்டுக்குப் போய்விட்டது. வெல்லெஸ்லி அண்ணன்மீதே மனம் நொந்தார்.

இங்கே நோயில் விழுந்ததால் உயிர் தப்பினார் என்று ஊரில் ஒரு கதை உண்டு. உண்மையில் காய்ச்சல் பிடித்தது பம்பாயில். அவர் ஏறவிருந்த 'சுசானா' கப்பல் செங்கடலில் ஆட்களோடு மூழ்கியது.

அப்புறம் நடந்தது தெரிந்ததுதான்: வெல்லெஸ்லிக்கு 1803இல் அசாயே வெற்றி, 1815இல் வாட்டர்லூ வெற்றி, கடைசியில் பிரித்தானியப் பிரதமர் பதவி. பெயர்ட் பாலைவனம் கடந்து நைல் நதியை அடைந்தார், 1806இல் கேப் டவுனைப் பிடித்தார், 1809இல் ஸ்பெயினின் கொருன்னாவில் இடது கையை இழந்தார்.

போர்த்திறமையில் வெல்லெஸ்லி மேல், அதில் தர்க்கமே இல்லை. ஆனால் படி ஏறின விதத்தைப் பார்த்தால் நான் பெயர்டின் பக்கம். அவரைத் தூக்கிவிட கல்கத்தாவில் அண்ணன் எவரும் இருக்கவில்லை.