அவசர சிகிச்சைப் படிப்பு: முழுப் பட்டமா, மைனரா?

வேலூரில் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஆம்புலன்ஸ் சத்தம் பழகிப்போன ஒன்று. ஒரு பக்கம் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை. மறுபக்கம் வங்காளத்திலிருந்துகூட நோயாளிகள் ரயிலேறி வரும் சி.எம்.சி. மருத்துவமனை. நீட் கைகொடுக்காதபோது "அவசர சிகிச்சையில் ஏதாவது படிக்கலாமா?" என்ற கேள்வி இங்கே எளிதாக எழுந்துவிடுகிறது. அந்த ஒரு கேள்விக்குள் இரண்டு ஆசைகள் கலந்து கிடக்கின்றன. அடிபட்டவருக்குக் கைவைத்துச் சிகிச்சை தருவது ஒன்று. அந்தச் சிகிச்சை நேரத்துக்குப் போய்ச் சேர வழிசெய்வது இன்னொன்று.

முதல் ஆசைக்கு விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் தொழில்நுட்ப பி.எஸ்சி. இருக்கிறது. எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் மூன்றாண்டுப் படிப்பு, ஓராண்டு பயிற்சி. பிளஸ் டூவில் உயிரியல் படித்திருக்க வேண்டும் என்பதால் வணிகவியல் குரூப் மாணவர்களுக்கு இந்தக் கதவு திறக்காது. இரவுப் பணிக்கும் ரத்தத்துக்கும் அஞ்சாதவர்கள் தயங்காமல் சேரலாம்.

மைனர், அதாவது முதன்மைப் பாடத்தோடு சேர்த்துப் படிக்கும் துணைப் பாடப்பிரிவு, வேறு ரகம். அமெரிக்காவில் பால்டிமோர் கவுண்டி மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் அவசரச் சுகாதாரச் சேவையை மைனராகவே எடுத்துப் படிக்கலாம். பொருளாதாரமோ கணினியோ முதன்மைப் பாடமாக இருக்க, இது பக்கத்தில் வரும். நம் நாட்டிலும் யு.ஜி.சி.யின் 2022ஆம் ஆண்டுக் கட்டமைப்பு, மூன்றாண்டுப் பட்டத்தின் 120 கிரெடிட்டில் 24ஐ மைனருக்கு ஒதுக்குகிறது. ஆனால் 24 கிரெடிட் படித்துவிட்டு எவரும் ஆம்புலன்ஸில் ஏறி ஊசி போட முடியாது. அப்படி ஆசை காட்டும் கல்லூரி இருந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

பிறகு எதற்கு மைனர்? 2023 மே மாதம் வேலூர் மாவட்டத்தின் அணைக்கட்டு என்ற ஊருக்கு அருகே அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. அப்போது ஊருக்குச் சாலை இல்லை. மருத்துவமனை போய்ச் சேர்வதற்குள் குழந்தை இறந்துவிட்டது. ஆம்புலன்ஸ் பாதிவழியோடு நின்றதால் உடலைக் கையில் சுமந்தே மலையேறினார்கள். அங்கே எவ்வளவு கைதேர்ந்த டெக்னீஷியன் இருந்திருந்தாலும் என்ன செய்திருப்பார்? பாம்புக்கடி மருந்தை எந்த ஆரம்பச் சுகாதார நிலையத்தில் இருப்பு வைப்பது, வண்டி போகாத மலைக்கு பைக்கை அனுப்பலாமா, பள்ளிகொண்டாவில் லாரி மோதினால் எந்த மருத்துவமனைக்குத் திருப்புவது, விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு பணம் தரும் 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் எந்தெந்த மருத்துவமனைகளைச் சேர்ப்பது: இவையெல்லாம் வரைபடமும் கணக்கும் கோப்பும் தெரிந்தவர்களின் வேலை. மைனர் கற்றுத்தர வேண்டியது இதைத்தான். புள்ளியியலும் நில வரைபடமும் தெரிந்த பெண்ணோ பையனோ இதையும் சேர்த்துப் படித்தால், இந்த மாவட்டத்துக்கு இன்னொரு டெக்னீஷியன் கிடைப்பதைவிட அதிகப் பயன் என்பது என் கணிப்பு. (டெக்னீஷியன்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.)

இந்தப் பெயரில் மைனர் கிடைக்காவிட்டாலும் பொதுச் சுகாதாரம், மருத்துவமனை நிர்வாகம், பேரிடர் மேலாண்மை என்று விருப்பப் பாடங்களைத் தேர்ந்தெடுத்து ஏறத்தாழ அதே இடத்தை எட்டிவிடலாம்.

108 ஆம்புலன்ஸ் வேலை மட்டுமே குறி என்றால் இரண்டுமே கட்டாயமில்லை. நர்சிங் படித்தவர்களோடு, விலங்கியல், நுண்ணுயிரியல் பட்டதாரிகளையும் மருத்துவ உதவியாளர் பணிக்கு எடுத்துப் பயிற்சி தருகிறார்கள். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

சான்றிதழ் வகுப்புகள் இந்தப் போட்டியிலேயே இல்லை. ஆனாலும் மைனர் எடுப்பவர் அடிப்படை உயிர்காப்புப் பயிற்சி ஒன்றையாவது முடித்திருக்க வேண்டும். தரையில் கிடத்திய பொம்மையின் நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டராவது உள்ளே போகும்படி அழுத்திப் பார்க்கட்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும் என்ற விதி ஏன் வந்தது என்று தோள்பட்டை சொல்லும். ஒரு ஆம்புலன்ஸுக்கு எத்தனை பேர் தேவை என்று பிற்பாடு கணக்குப் போடும்போது அது நினைவில் இருக்கும்.

சேருவதற்கு முன் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். முழுப் பட்டமென்றால் அவசரப் பிரிவில் எத்தனை மாதம் நிற்க விடுவார்கள் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு கல்லூரி பாருங்கள். மைனரென்றால், மாணவர்கள் கையில் உண்மையான விபத்துத் தரவைக் கொடுக்கும் ஆசிரியர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள்.