பிள்ளையின்ர போனுக்கு ஃபமிலி லிங்க்கா, ரவுட்டர் பில்டரா? ரெண்டையும் பாவிச்சுப் பாத்த கதை

மகளுக்கு இப்ப 11 வயசு, ஆறாம் ஆண்டு. கனடாவில இருந்து வந்த சின்னம்மா தன்ர பழைய சாம்சுங்கை அவளுக்குக் குடுத்திட்டுப் போனதில தொடங்கினது இந்தத் தலையிடி. வேண்டாமெண்டு வாங்கி வைக்கவும் மனம் வரேல்லை, ஏனெண்டா பாட நோட்ஸ், வீட்டுவேலை எல்லாமே இப்ப போனிலதான் வருது, 2020இல பள்ளிக்கூடம் பூட்டினதோட வந்த பழக்கம் அப்பிடியே நிண்டிட்டுது.

முதல் செய்தது ரவுட்டர் பில்டர், அதாவது வீட்டு வைஃபைப் பெட்டியிலயே கூடாத தளங்களை மறிக்கிறது. ரவுட்டரின்ர செற்றிங்கில டிஎன்எஸ் (தளத்தின்ர பேரைக் குடுத்தா அதின்ர விலாசத்தைத் தேடித் தாற சேவை) எண்ட இடத்தில கிளவுட்ஃபிளேயர் எண்ட கம்பனியின்ர 1.1.1.3, ரெண்டாவது 1.0.0.3 எண்டு போட்டா கூடாத படம் உள்ள தளங்களும் வைரஸ் தளங்களும் திறக்காது. காசில்லை, அஞ்சு நிமிச வேலை, வீட்டில வைஃபை பிடிக்கிற எல்லாப் போனுக்கும் சேத்து வேலை செய்யும். ஆனா யூரியூப்புக்கு உள்ள என்ன ஓடுது எண்டு அதுக்குத் தெரியாது, விட்டா முழுக்க விடும், மறிச்சா முழுக்க மறிக்கும். சில ரவுட்டரில டிஎன்எஸ் மாத்தவே ஏலாது.

பிறகு மாறினது கூகிளின்ர ஃபமிலி லிங்க்குக்கு, பிள்ளையின்ர போனைத் தாய் தேப்பன் தங்கட போனில இருந்து கட்டுப்படுத்துற அப் அது. பிள்ளைக்கெண்டு வயசு சரியாப் போட்டு ஒரு எக்கவுண்ட், என்ர போனில இருந்து அதைப் பாக்கலாம். புது அப் ஒண்டு போடவேணுமெண்டா எனக்குக் கேட்டு வரும், ஒவ்வொரு அப்புக்கும் எவ்வளவு நேரம் எண்டு வைக்கலாம், இரவு எட்டரைக்குப் பூட்டுறமாதிரி வைச்சிருக்கிறன், பூட்டினாலும் வாற கோலை எடுக்கலாம். குறோமில மறைச்சுப் பாக்கிற இன்கொக்னிற்றோவும் அவளுக்கு வராது. இதெல்லாம் எல்லாரும் சொல்லுறதுதான்.

நான் மாறினதுக்குக் காரணம் வேற. பழுதாப்போனா ஆருக்குத் தெரியவரும் எண்ட ஒரு கேள்விதான்.

எங்கட வீடு கிளிநொச்சியில வட்டக்கச்சிப் பக்கம். ஒருநாள் இடி மின்னலுக்குப் பிறகு ரவுட்டர் வேலை செய்யேல்லை, ரவுணில ஒரு கடையில குடுத்தன், அந்தப் பெடியன் பின்னால இருக்கிற சின்ன ஓட்டைக்குள்ள ஊசியை விட்டு அமத்தி எழுப்பித் தந்தான். நெற் வந்திட்டுது, எல்லாருக்கும் சந்தோசம். அந்த அமத்தலோட நான் போட்ட 1.1.1.3 அழிஞ்சுபோனது எனக்குத் தெரியாது. முந்தி திறக்காத ஒரு கேம் தளம் மகளின்ர போனில திறந்து கிடந்ததைக் கண்டுதான் போய்ப் பாத்தன், அப்ப மூண்டு கிழமை ஆகிட்டுது. பில்டர் இல்லாத நெற்றும் பில்டர் இருக்கிற நெற்றும் வெளியில பாக்க ஒண்டுதான், அது போனா ஒரு சத்தமும் வராது. ஃபமிலி லிங்க் அப்பிடியில்லை, அதில ஏதும் பிழைச்சா முதல் கத்துறது பிள்ளைதான், "அம்மா போன் திறக்குதில்லை" எண்டு கோல் வரும். ஆரோ ஒராள் கவனிச்சுக்கொண்டே இருக்கவேணும் எண்ட வேலையை அது பிள்ளையிட்டயே குடுத்திடுது.

இன்னொண்டு, எங்கட பக்கம் கனபேர் வைஃபையில இல்லை, ரீலோட் போட்டு சிம் டேற்றாவிலதான். ரவுட்டர் பில்டர் படலையோட முடிஞ்சுது, ரியூசனுக்குப் போற வழியில அது கூட வராது. போனுக்குள்ளயே டிஎன்எஸ் போடலாம்தான், அன்ட்ரொயிட் 9இல இருந்து அந்த வசதி இருக்கு, ஆனா மகள் ஒருநாளுக்குள்ளயே செற்றிங்கில போய் அதை நிப்பாட்டிப்போட்டாள்.

ஃபமிலி லிங்க்கிலயும் கரைச்சல் இருக்கு. நான் வேலையில நிக்கேக்க பிள்ளை நேரம் கேட்டா, வீட்டில டேற்றா முடிஞ்சிருந்தா, என்ர அனுமதி போய்ச்சேராது. அதுக்கு என்ர போனில ஒரு கோட் இருக்கு, அதைச் சாதாரண கோலில சொன்னாப் போதும், அம்மம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு இலக்கமாத் தட்டித் திறந்து குடுப்பா. கோட் மாறிக்கொண்டிருக்கும், எழுதி வைச்சுப் பிறகு பாவிக்க ஏலாது.

ரெண்டாலும் ஏலாத இடம் வட்ஸ்அப். ஒரு ரியூசன் குறூப்பில மகளின்ர நம்பரைப் போட்டிட்டினம், அறுபது எழுபது நம்பர் அதுக்குள்ள. நாலாம் நாள் தெரியாத நம்பரில இருந்து ஒரு ரோசாப்பூப் படம், கீழ "சாப்பிட்டீங்களா" எண்டு. மகள் பயந்துபோய்க் கொண்டந்து காட்டினாள், காட்டினதே பெரிய விசயம். புளொக் பண்ணிட்டு வட்ஸ்அப்பையே அவளின்ர போனில இருந்து எடுத்திட்டன், அதில தன்ரபாட்டில எக்கவுண்ட் திறக்க எப்பிடியும் 13 வயசாகவேணும். இப்ப எல்லாக் குறூப்பும் என்ர போனில. பள்ளிக்கூடக் குறூப்பில ரீச்சரிட்டச் சொல்லி அட்மின் மட்டும் போடுறமாதிரி மாத்துவிச்சனான், ஆனா நம்பர்கள் எல்லாருக்கும் தெரியும்தான். இதைவிட மோசமா ஏதும் வந்தா 1929க்கு எடுங்கோ, இலங்கையின்ர தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின்ர நம்பர், காசில்லை, இரவிலயும் எடுக்கலாம்.

ஒரே ஒரு போன் உள்ள வீட்டுக்கு ஃபமிலி லிங்க் சரிவராது, அது பிள்ளைக்கெண்டு தனிப் போன் கேக்கும். அப்பிடியெண்டா பாடம் உள்ள அப்பை மட்டும் திரையில பின் பண்ணி, அதாவது அந்த அப்பிலயே நிக்கிறமாதிரிப் பூட்டிக் குடுங்கோ, கழட்டேக்க லொக் நம்பர் கேக்கிறமாதிரி செற்றிங்கில வைச்சா அது இல்லாம வேற எங்கயும் போக ஏலாது. ஐபோன் நான் பாவிச்சதில்லை. மகளுக்கு 13 வயசானாப் பிறகு இது எப்பிடிப் போகும் எண்டதையும் இனித்தான் பாக்கவேணும், இப்போதைக்கு ரவுட்டரில 1.1.1.3 திரும்பவும் போட்டு விட்டிருக்கிறன், மாசம் ஒருக்கா ரீலோட் போடேக்க அது இருக்குதோ எண்டு திறந்து பாக்கிறன்.