சின்ன வெப்சைற்றுக்குக் கிளவுட்ஃபிளேர் பேஜஸ்: யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பாவனையாளரின் கணக்கு

கொக்குவிலில் வீட்டு முன்னறையில் இருந்து வெப்சைற் செய்து கொடுப்பது என் தொழில். விருந்தினர் விடுதி, சாப்பாட்டுக் கடை, கோயில், பழைய மாணவர் சங்கம் என்று வருகிறவர்கள்தான் அதிகம். இவர்களுடைய தளங்களை இப்போது நான் கிளவுட்ஃபிளேர் பேஜஸில்தான் ஏற்றுகிறேன். கிளவுட்ஃபிளேர் நிறுவனம் தளங்களை இணையத்தில் வைத்திருக்கத் தரும் சேவை அது.

காசுக் கதையை முதலில் முடித்துவிடுவோம். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபா சொச்சம். மே மாதத்தில் 360 அளவுக்கு வந்துவிட்டது. ஹோஸ்டிங் கட்டணம் (தளத்தை இணையத்தில் வைத்திருக்கக் கட்டும் காசு) டொலரில் போகிறவர்களுக்கு அந்த வருடத்துப் புதுப்பிப்பு எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அதோடு முதல் வருடச் சலுகை விலை ஒன்று, இரண்டாம் வருட விலை வேறொன்று. பேஜஸில் சாதாரண தளத்துக்குக் கட்டணமே இல்லை, இணைப்பைப் பாதுகாக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழும் இலவசம். டொமைனுக்கு, அதாவது தளத்தின் முகவரிப் பெயருக்கு, மட்டும் வருடாவருடம் கட்டினால் சரி.

ஆனால் இதில் பிஎச்பி நிரலும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளமும் ஓடாது. ஆகவே அவற்றில் ஓடும், பலரும் தளம் செய்யப் பாவிக்கும் வேர்ட்பிரஸ் கிடையாது. இதைக் கேட்டதும் பலர் முகம் சுளிப்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் தளத்தில் எது, எத்தனை தரம் மாறும்? விடுதி என்றால் அறை வாடகை வருடத்தில் ஓரிரு தரம் மாறும், புதுப் படங்கள் கொஞ்சம் சேரும். அதற்காக ஒரு தரவுத்தளத்தையும் பத்துப் பிளகினையும் (கூடுதல் வசதிக்கான துணை நிரல்) வைத்து, ஒவ்வொன்றுக்கும் அப்டேட் போட்டுக்கொண்டு, போடாவிட்டால் யாரோ உள்ளே புகுந்து சூதாட்ட விளம்பரம் ஒட்டிவிட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டு இருக்கத் தேவையில்லை. எச்டிஎம்எல் கோப்புகளாகவே தயாரித்து ஏற்றினால் உடைக்க அங்கே பெரிதாக ஒன்றும் இருக்காது.

வேகத்தை நான் மதிப்பதற்கு நல்லூர்தான் காரணம். திருவிழா 25 நாள். கனடா, லண்டன், பாரிஸ் சனம் எல்லாம் அதற்கு முன்பே அறை தேடத் தொடங்கிவிடும். என் வாடிக்கையாளர் ஒருவரின் விடுதித் தளம் முன்பு பல தளங்கள் ஒரே சேர்வரைப் பங்குபோடும் மலிவான ஷெயாட் ஹோஸ்டிங்கில் இருந்தது. தேடல் கூடிய கிழமையில் திறந்தால் "வரம்பு மீறிவிட்டது" என்ற வெள்ளைப் பக்கம்தான் வந்தது. பேஜஸில் ஸ்டாற்றிக் கோப்புகளுக்கு (இருக்கிறபடியே அனுப்பப்படும் பக்கம், படம் போன்றவை) பான்ட்விட்த் வரம்பு, அதாவது எவ்வளவு தரவு போகலாம் என்ற வரம்பு, வைக்கவில்லை. பக்கங்கள் பல நாடுகளில் உள்ள சேர்வர்களிலிருந்து போகின்றன. ரொறன்ரோவில் திறப்பவருக்கு அங்கிருந்தே வரும். கொழும்பிலும் கிளவுட்ஃபிளேருக்கு இடம் உண்டு, ஆனால் உங்கள் போன் எந்த வழியால் போகும் என்பது இணைப்புத் தரும் நிறுவனத்தின் கையில்.

வேலை செய்யும் முறையும் எனக்குப் பிடித்திருக்கிறது. கோப்புகளைப் பதிப்புப் பதிப்பாகச் சேமிக்கும் கிட்ஹப்பில் மாற்றத்தைத் தள்ளினால் போதும், தளம் தானாகப் புதுப்பிக்கப்படும். வேறு கிளையில் (பிரதான பதிப்பைத் தொடாத தனிப் பிரதி) தள்ளினால் அதற்கென்று தனி முன்னோட்ட முகவரி கிடைக்கும். அதை வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். சாப்பாட்டுக் கடை அன்ரி பார்த்துவிட்டு, "தம்பி, நண்டுக்கறியின்ர படம் இருட்டாய்க் கிடக்கு, மாத்திவிடும்" என்று குரல் பதிவு அனுப்புவா. மாற்றிய பிறகுதான் வெளியே போகும். ஏதும் பிழைத்தால் பழைய பதிப்புக்குத் திரும்ப ஒரு பொத்தான். கிட் தெரியாதவர்கள் கோப்புறையை இழுத்துப் போட்டும் ஏற்றலாம்.

வரம்புகள் உண்டு: இலவசத் திட்டத்தில் ஒரு கோப்பு 25 எம்பிக்கு மேல் கூடாது, மொத்தம் 20,000 கோப்பு, மாதத்தில் 500 பில்ட் (மாற்றத்தைத் தள்ளும்போது தளம் தானாகத் தயாராகும் தரம்). கலியாண மண்டபத்துக்காரர் ட்ரோன் வீடியோவைக் கொண்டுவந்தால் யூடியூப்பில் போட்டு இணைத்துவிடுங்கள்.

ஆட்கள் மாட்டுப்படுகிற இடம் டிஎன்எஸ், அதாவது டொமைன் பெயர் எந்தச் சேர்வருக்குப் போகும் என்று சொல்லும் பதிவுகள். டபிள்யூடபிள்யூடபிள்யூ உடன் தொடங்கும் முகவரிக்கு ஒரு சிநேம் பதிவு (ஒரு பெயரை இன்னொரு பெயருக்குக் காட்டிவிடுவது) போதும். அது இல்லாத வெறும் முகவரியும் வேண்டுமென்றால் இந்தப் பதிவுகளை வைத்திருக்கும் நேம்சேர்வரையே கிளவுட்ஃபிளேருக்கு மாற்ற வேண்டும். டொட் எல்கே டொமைனுக்கும் அப்படித்தான். மாற்றும்போது பழைய பதிவுகளை அது தானாகத் தேடி எடுக்கும், ஆனால் எல்லாம் வந்துவிட்டது என்று நம்பிவிடாதீர்கள். மெயிலுக்கான எம்எக்ஸ் (மெயில் எங்கே வர வேண்டும்), எஸ்பிஎஃப், டிகிம் (அனுப்புவது நீங்கள்தான் என்று உறுதிப்படுத்துபவை) மூன்றையும் பழைய இடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மெயில் சேர்வரின் பெயருக்கு எதிரே உள்ள முகில் சின்னம் செம்மஞ்சளாக இருந்தால் அதைச் சாம்பலாக்குங்கள், இல்லாவிட்டால் மெயில் தடைப்படலாம். தளம் நன்றாகத்தான் திறக்கும், ஆனால் மெயில் நின்றுபோனால் அது ஒரு கிழமைக்குப் பிறகுதான் முதலாளிக்குத் தெரியவரும்.

இன்னொன்று: பழைய ஹோஸ்டிங்கை நிறுத்தினால் அதிலிருந்த மெயில் பெட்டிகளும் போய்விடும். முதலில் மெயில்களை இறக்கி வையுங்கள். வருகிற மெயிலை ஜிமெயிலுக்குத் திருப்பிவிட கிளவுட்ஃபிளேரிலேயே இலவச வசதி இருக்கிறது. அது திருப்பிவிட மட்டும்தான், அந்த முகவரியிலிருந்து பதில் அனுப்ப வேறு ஏற்பாடு வேண்டும்.

தொடர்புப் படிவத்துக்குத் தனியாக ஒரு ஃபங்ஷன் (சேர்வரில் ஓடும் சின்ன நிரல்) எழுதலாம். நான் பெரும்பாலும் எழுதுவதில்லை. எங்கட சனம் படிவம் நிரப்பாது, வாட்ஸ்அப் பொத்தானைத்தான் தட்டும். அந்த இணைப்பில் இலக்கம் 94 இல் தொடங்க வேண்டும், கூட்டல் குறியும் முன் பூச்சியமும் இருக்கக்கூடாது.

பிடிக்காததையும் சொல்ல வேண்டும். கட்டுப்பாட்டுப் பலகை ஒரு காடு, தேடிய மெனு கிடைப்பதற்குள் தேத்தண்ணி ஆறிவிடும். இலவசத் திட்டத்துக்கு நேரடி உதவி கிடையாது. புது வசதிகள் எல்லாம் இப்போது கிளவுட்ஃபிளேரின் இன்னொரு சேவையான வேர்க்கர்ஸ் பக்கம் போகின்றன, புதிதாகத் தொடங்குகிறவர்களையும் அங்கேதான் அனுப்புகிறார்கள். என்னுடைய சின்னத் தளங்களுக்கு இதனால் இன்னும் குறை வரவில்லை. நாளாந்தம் இருப்பு மாறுகிற, கார்ட்டில் காசு வாங்குகிற கடை என்றால் இதைக் கேட்காதீர்கள், வேறு வழி பாருங்கள்.

கணக்கை யார் பெயரில் திறப்பது என்று கேட்பார்கள். கிளவுட்ஃபிளேர் கணக்கும் டொமைனும் உரிமையாளரின் மின்னஞ்சலில் இருக்கட்டும். உங்களை அதில் உறுப்பினராகச் சேர்க்கச் சொல்லுங்கள். நான் முற்பணம் வாங்குவதும் அந்தக் கணக்கைத் திறந்த பிறகுதான்.