வாரண்டி மிச்சமுள்ள செகண்ட் ஹேண்ட் லேப்டாப் படுத்துவிட்டால்: கம்பெனி சர்வீஸா, ரிச்சி தெருவா, விற்ற கடையா?

சென்னை ஓஎம்ஆர் ஐடி கம்பெனிகள் மொத்தமாகக் கழித்துவிடும் திங்க்பேட், லேட்டிட்யூட், எலைட்புக் லேப்டாப்களில் சிலவற்றுக்கு வாரண்டி இன்னும் சில மாதம் ஒட்டிக்கொண்டிருக்கும். வாங்கியவருக்கே அது தெரிவதில்லை. படுத்துவிட்டால் “பில் நம்ம பேர்ல இல்லையே” என்று நேராகச் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவுக்குப் போகிறார்கள். அவசரப்பட வேண்டாம். பெரும்பாலான பிராண்டுகளில் வாரண்டி சீரியல் நம்பரோடு போவது, ஆளோடு அல்ல.

முதலில் அந்த நம்பரை எடுங்கள். டெல்லில் ‘சர்வீஸ் டேக்’ என்று 7 எழுத்து, எண்கள், ஹெச்பியில் 10. அடியில் உள்ள ஸ்டிக்கர் தேய்ந்திருந்தால், ஆன் ஆகும் மெஷினில், விண்டோஸுக்கு முன்பே திறக்கும் செட்டிங்ஸ் திரையான பயாஸுக்குள் போய்ப் பார்க்கலாம் (ஆன் ஆகும்போதே டெல்லில் எஃப்2, ஹெச்பியில் எஃப்10 அழுத்துங்கள்). ஸ்டிக்கரும் பயாஸும் வேறு வேறு நம்பர் காட்டினால் மதர்போர்டையோ அடி மூடியையோ யாரோ மாற்றியிருக்கிறார்கள். கம்பெனி வாரண்டியை அதற்குமேல் பெரிதாக நம்ப வேண்டாம்.

நம்பர் பொருந்தினால் பிராண்டின் தளத்தில் போட்டு மூன்றைப் பாருங்கள்: முடியும் தேதி, எஞ்சினியர் நம் இடத்துக்கே வரும் ஆன்சைட்டா நாம் தூக்கிப்போக வேண்டியதா என்பது, எந்த நாட்டுக்கான வாரண்டி என்பது. அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த மாடலுக்கு இங்கே ஆன்சைட் கிடைக்காமல் போகலாம். மெஷினுக்கு 3 வருட வாரண்டி இருந்தாலும் பேட்டரிக்குப் பல பிராண்டுகளில் 1 வருடம்தான்.

பில் இல்லாவிட்டால், மெஷின் தயாரிப்பாளரிடமிருந்து கிளம்பிய தேதியிலிருந்து கணக்குப் போடுவார்கள். அதில் ஓரிரு மாதம் போய்விடும். அதனால் வாங்கும்போதே பழைய பில்லின் போட்டோவைக் கேட்டு வாங்குங்கள். டெல்லில் உரிமையாளர் பெயர் மாற்ற ஆன்லைனிலேயே வழி உண்டு. மெஷின் நல்லபடி ஓடும்போதே முடித்துவிட வேண்டிய வேலை அது.

இன்னொன்று, அடாப்டர். டெல்லின் உருண்டை முனை அடாப்டரில் நடுவில் ஊசிபோல ஒரு பின் இருக்கும். இது எந்த அடாப்டர் என்று மெஷினுக்குச் சொல்வது அதுதான். அந்தப் பின் வளைந்தாலோ, டூப்ளிகேட் அடாப்டர் போட்டாலோ லேப்டாப் ஓடும், பேட்டரி ஏறாது, வேகமும் ஆமை நடை. செகண்ட் ஹேண்டோடு வருவது பாதி நேரம் டூப்ளிகேட்தான். போர்டு போச்சு என்று முடிவுகட்டும் முன் ஒரு ஒரிஜினல் அடாப்டரை இரவல் வாங்கிச் சொருகிப் பாருங்கள்.

கம்பெனி சர்வீஸ்

போர்டு டெட், டிஸ்ப்ளேயில் தானாக வந்த கோடு, கீபோர்டு, ஃபேன்: இதற்கெல்லாம் கம்பெனியை அடிக்க ஆளில்லை. பழுது பார்க்க மாட்டார்கள், முழுப் பாகத்தையே மாற்றிவிடுவார்கள். வாரண்டிக்கு வெளியே போர்டு மாற்றினால் நீங்கள் செகண்ட் ஹேண்டுக்குக் கொடுத்த விலையில் பாதியை அது தின்னலாம். உள்ளே இருந்தால் செலவில்லை.

ஆனால் போர்டு மாறும்போது இரண்டு இடத்தில் சறுக்கும். புதுப் போர்டில் உங்கள் சீரியல் நம்பரை எஞ்சினியர் எழுத வேண்டும். மறந்துவிட்டால் அடுத்த புகாரின்போது ‘இந்த மெஷின் எங்கள் கணக்கிலேயே இல்லை’ என்பார்கள். அவர் பையை மூடும் முன் பயாஸைத் திறந்து நம்பரைப் பார்த்துவிடுங்கள். அடுத்தது பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கில் உள்ளதைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி. போர்டு மாறியதும் விண்டோஸ் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். வாங்கிய கையோடு மெஷினை ரீசெட் செய்து உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் ஏற்றாதிருந்தால், அந்தக் கீ பழைய உரிமையாளரின் கணக்கில் கிடக்கும். அவர் போனை எடுக்கவில்லையென்றால் டேட்டாவை மறந்துவிட வேண்டியதுதான்.

சண்டை வருவது ஹிஞ்சிலும் (ஸ்கிரீனைத் திறந்து மூடும் கீல்) ஈரத்திலும். ஹிஞ்ச் இறுகி, அதைப் பிடித்திருக்கும் பித்தளைத் திருகுக்குழி பிளாஸ்டிக்கோடு பிய்ந்துவரும். வடிவமைப்புக் கோளாறு என்பீர்கள், கீழே போட்டது என்பார்கள் அவர்கள். பெரும்பாலும் அவர்கள் பேச்சுதான் நிற்கும். உள்ளே ஒட்டியிருக்கும் வெள்ளை ஈர ஸ்டிக்கர் சிவந்திருந்தால் பேச்சுக்கே இடமில்லை, அது முந்தைய உரிமையாளரின் காபியாக இருந்தாலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளமாக இருந்தாலும். ஒப்படைக்கும் முன் நான்கு மூலை, ஹிஞ்ச், அடி மூடியைப் போட்டோ எடுங்கள். வாரண்டியில் செய்ய மறுத்தால் காரணத்தை ஜாப் ஷீட்டில் (சர்வீஸ் சென்டர் தரும் வேலைச் சீட்டு) எழுதி வாங்குங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்க அந்தத் தாள் கையில் வேண்டும். மறுத்த பிறகு பரிசோதனைக் கட்டணமும் 18% ஜிஎஸ்டியும் கேட்கக்கூடும். எவ்வளவு என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ரிச்சி தெரு

அண்ணா சாலையிலிருந்து உள்ளே நுழைந்து, போர்டுகளைப் பரப்பிவைத்திருக்கும் மாடிக்கடைகளில் நடப்பது வேறு வித்தை. அடாப்டருக்குப் பதில் டிசி பவர் சப்ளையை மாட்டி ஆம்பியர் முள்ளைப் பார்ப்பார்கள். அசையவே இல்லையென்றால் பழுது ஜாக்கிலோ, கரண்டை உள்ளே விடும் சுவிட்ச் போன்ற நுழைவாயில் மாஸ்ஃபெட்டிலோ. ஆம்பியர் எகிறி வோல்டேஜ் சரிந்தால் மெயின் லைனில் ஷார்ட். பிறகு ஷார்ட்டான லைனில் 1 வோல்ட் மாதிரி குறைவாகக் கொடுத்து, போர்டின்மேல் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைத் தடவுவார்கள். ஷார்ட்டான பாகம் சூடாகும், எந்தக் கெப்பாசிட்டர் மேல் அது முதலில் காய்கிறதோ அதுதான் ஆள். பாகம் காசு பெறாது. கூலி அதைக் கண்டுபிடித்ததற்கு.

வாரண்டி முடிந்த போர்டு, ஈரம், ஹிஞ்ச், உடைந்த ஸ்கிரீன் என்றால் இங்கேதான் போக வேண்டும். ஸ்கிரீனில் ஒன்று கவனியுங்கள்: சாதாரண 60 ஹெர்ட்ஸ் பேனலுக்குப் பெரும்பாலும் 30 பின், அதிக ரிஃப்ரெஷ் ரேட்டுக்கும் பல டச் பேனல்களுக்கும் 40 பின். பழைய பேனலின் பின்பக்க மாடல் எண்ணைப் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். எஸ்எஸ்டி, ரேம் ஸ்டிக்கர்களையும் எடுத்து வையுங்கள். கழற்றிய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். கிராபிக்ஸ் சிப்பை “ஹீட் பண்ணித் தர்றேன் சார்” என்றால் நகர்ந்துவிடுங்கள். சில வாரம் ஓடும், பிறகு பழைய கதைதான்.

வரிசைதான் முக்கியம். கம்பெனி முதலில், ரிச்சி தெரு பிறகு. சால்டரிங் அயர்ன் பட்ட போர்டில் ஃப்ளக்ஸ் (பற்றவைக்கத் தடவும் பசை) கறை நிற்கும். அதைப் பார்த்த நிமிடமே கம்பெனி கையை விரித்துவிடும். ரேம், எஸ்எஸ்டி மாற்றுவதைப் பெரும்பாலான மாடல்களில் தடுப்பதில்லை, அதனால் வந்த சேதத்தை மட்டும் ஏற்க மாட்டார்கள்.

விற்ற கடை

“மூணு மாசம் டெஸ்டிங் வாரண்டி அண்ணே” என்பதில் டிஸ்ப்ளேயும் பேட்டரியும் பெரும்பாலும் சேராது. முதல் பத்து நாளில் வேறு பீஸ் மாற்றிக்கொள்ள அது உதவும், அதற்குமேல் எதிர்பார்க்காதீர்கள். ஒரு சிக்கலும் உண்டு: ஸ்குரூவின்மேல் கடைக்காரர் தன் ஸ்டிக்கரை ஒட்டியிருப்பார். கம்பெனி எஞ்சினியர் அதைக் கிழித்தால் கடை வாரண்டி காலி. “கம்பெனி ஆளு திறக்கலாம்” என்று அவரிடமிருந்து ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் வாங்கிவிடுங்கள்.

மேக்புக்கும், ரீசெட் செய்ததும் ஒரு கம்பெனியின் பெயரோடு லாகின் கேட்கும் விண்டோஸ் மெஷினும் தனி ஜாதி. மேக்புக்கைப் பழைய உரிமையாளரின் ஆப்பிள் கணக்கோடு பூட்டும் ஆக்டிவேஷன் லாக்கை எடுக்க ஆப்பிளுக்கு அசல் பில் வேண்டும். முன்பு மெஷினை வைத்திருந்த கம்பெனியின் பூட்டை அந்தக் கம்பெனிதான் நீக்க முடியும். எம் சிப் மேக்புக்கில் ஸ்டோரேஜ் போர்டோடு சேர்ந்தது, போர்டு மாறினால் டேட்டாவும் போகும்.

வாரண்டி முடியப் பத்து நாள்தான் இருக்கிறதென்றால் மெஷினைத் தூக்கிக்கொண்டு அலைவதற்கு முன் ஆன்லைனிலோ போனிலோ புகாரைப் பதிந்து எண்ணை வாங்கிவிடுங்கள். பாகம் வரத் தாமதமானாலும் பொதுவாகப் புகார் பதிவான தேதியைத்தான் கணக்கில் எடுப்பார்கள்.