ஹாங்காங்கில் ஞாயிறு டிம்சம்: தள்ளுவண்டியா, சீட்டா, பிரன்ச்சா?

ஹாங்காங்கில் ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் யம் சா. தாத்தா பாட்டி முதல் பேரன் பேத்தி வரை ஒரு வட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்து, டீயை ஊற்றி ஊற்றிக் குடித்தபடி, மூங்கில் கூடைகளில் வரும் டிம்சம் என்கிற சின்னச் சின்னப் பதார்த்தங்களை மதியம் வரை சாப்பிடுவார்கள். இதற்கு இப்போது மூன்று வழி இருக்கிறது. பழைய பெரிய கூடங்களில் டிம்சக் கூடைகளோடு தள்ளுவண்டி மேசை மேசையாக வரும். சின்னக் கடைகளில் மெனுச் சீட்டில் டிக் அடித்துக் கொடுத்தால் அப்போதுதான் அவிப்பார்கள். மூன்றாவது, ஹோட்டல்களும் புதுப்பாணி உணவகங்களும் வாரக் கடைசியில் போடும் 'யம் சா பிரன்ச்'. தலைக்கு இவ்வளவு என்று கொடுத்துவிட்டால் குறிப்பிட்ட நேரம் வரை கேட்டதெல்லாம் வரும். கூடுதலாகக் கட்டினால் ஷாம்பெயினும் உண்டு.

எது நல்லது என்று கேட்டால், முதலில் ஹார் காவைப் பாருங்கள் என்பேன். இறாலை உள்ளே வைத்து அவிக்கும் சின்னக் கொழுக்கட்டை அது. பசையம் (குளூட்டன்) நீக்கிய கோதுமை மாவுச்சத்தில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றிப் பிசைந்து, எண்ணெய் தடவிய அகலக் கத்தியின் தட்டைப் பக்கத்தால் ஒரே அழுத்தில் வட்டமாகத் தேய்த்து, ஒரு பக்கம் மட்டும் மடிப்பு மடிப்பாகச் சுருக்கி மூடுவார்கள். நன்றாக வெந்தது கண்ணாடி மாதிரி இருக்கும், உள்ளே இறாலின் இளஞ்சிவப்பு தெரியும். ஆனால் அதன் ஆயுள் சில நிமிடங்கள்தான். ஆறினால் நம் வீட்டுப் பூரணக் கொழுக்கட்டை போலவே மேல்தோல் வறண்டு இறுகிவிடும். ஆறக்கூடாது என்று ஆவியிலேயே வைத்திருந்தால் அடியில் ஒட்டிக்கொண்டு, குச்சியால் தூக்கும்போது கிழிந்துபோகும். கூடையைத் திறந்ததும் தோல் கிழியாமல் வருகிறதா என்பதில் அந்தக் கடையின் வேகம் தெரிந்துவிடும்.

இந்தக் கணக்கில் தள்ளுவண்டிக்குத்தான் முதல் அடி. சென்ட்ரல் வட்டாரத்தில் சிட்டி ஹாலின் தாழ்வான கட்டடத்தில் இருக்கும் மாக்ஸிம்ஸ் பேலஸ்தான் இதில் எல்லோருக்கும் தெரிந்த பெயர். சரவிளக்குகள், ஜன்னலுக்கு வெளியே விக்டோரியா துறைமுகம், ஞாயிறு காலையில் டோக்கன் வாங்கிக் காத்திருக்கும் குடும்பங்கள். வண்டி உங்கள் மேசைக்கு வருவதற்குள் பத்து மேசையைச் சுற்றியிருக்கும், ஹார் காவ் பாவம் களைத்துப்போயிருக்கும். ஆனால் அதற்காகத் தள்ளுவண்டியைக் கைவிடத் தேவையில்லை. வண்டியில் எதை எடுப்பது என்று தெரிந்தால் போதும். பொரித்து, ஊறவைத்து, கருப்பு பீன்ஸ் சாற்றில் அவித்த கோழிக்கால் காத்திருப்பதால் கெடாது. தாமரை இலையில் பொதிந்த ஒட்டரிசிச் சோறும் அப்படித்தான், நேரம் ஆக ஆக இலையின் வாசனை இன்னும் இறங்கும். பன்றி விலா எலும்பும், மா லாய் கோ என்கிற பஞ்சு கேக்கும்கூடத் தாக்குப்பிடிக்கும். சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் மேசை கிடைத்தால் ஹார் காவுக்கும் நல்ல காலம்தான்.

இன்னொன்று, மொழி தெரியாதவருக்கு வண்டியைவிட நல்ல மெனு கிடையாது. மூடியைத் திறந்து காட்டச் சொல்லலாம், விரல் நீட்டிக் கேட்கலாம், பிடிக்காவிட்டால் தலையாட்டலாம். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போனால் இந்தக் கூடத்துக்கே போங்கள். வண்டி ஓடும் கூடங்கள் குறைந்துகொண்டே வருகின்றன என்பதற்காகவும் சொல்கிறேன்.

ருசி மட்டும்தான் முக்கியம் என்றால் சீட்டுக் கடை. டிம் ஹோ வான் கதை பலருக்குத் தெரியும். ஃபோர் சீசன்ஸ் ஹோட்டலின் லுங் கிங் ஹீன், உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கும் மிஷலின் வழிகாட்டியின் 2009 பதிப்பில் மூன்று நட்சத்திரம் வாங்கிய முதல் சீன உணவகம். அங்கே டிம்சம் செய்துகொண்டிருந்த மாக் க்வாய்-புய் வெளியே வந்து, அதே 2009இல் மோங் கோக்கில் கையகலக் கடை ஒன்றைத் திறந்தார், அதுதான் டிம் ஹோ வான். அடுத்த பதிப்பிலேயே அதற்கு ஒரு நட்சத்திரம். அங்கே எல்லோரும் கேட்பது பேக் செய்த சார் சியூ பன். மேலே பொறுபொறுவென இனிப்பு ஓடு, உள்ளே சாறு சொட்டும் பன்றி இறைச்சி. இன்று அது பல நாடுகளில் கிளை பரப்பிய நிறுவனம். முதல் கடையின் கைவண்ணத்தை ஒவ்வொரு கிளையிலும் எதிர்பார்க்க முடியாது. ஆனாலும் டிக் அடித்த பிறகு அவிப்பது என்ற முறையே ருசிக்குப் பெரிய காவல். குறை என்னவென்றால், உட்கார்ந்து பேச முடியாது. வாசலில் வரிசை நிற்கும்போது மூன்றாவது கோப்பை டீ யாருக்கு இறங்கும்?

சரி, பிரன்ச். இந்தச் சமையலறைகளில் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள், ஹார் காவும் பெரும்பாலும் சுடச்சுடத்தான் வரும். எனக்குப் பிடிக்காதது அந்த 'எவ்வளவு வேண்டுமானாலும்'. ஒரு கூடையில் மூன்று நான்கு உருப்படி. இரண்டு பேர் போனால் ஏழெட்டுக் கூடையில் வயிறு நிறைந்துவிடும். அதற்குப் பிறகு சாப்பிடுவதெல்லாம் கொடுத்த காசுக்காகத்தான். அதைவிடப் பெரிய வருத்தம், டீ ஓரத்துக்குப் போய்விடுகிறது. பன்றிக் கொழுப்பும் எண்ணெயும் நிறைந்த இந்தச் சாப்பாட்டுக்குத் துணையாகத்தான் கறுத்த போ லெய் டீயைக் குடிக்கிறார்கள். ஒரு வாய் குடித்தால் நாக்கு சுத்தமாகி அடுத்த கூடைக்குத் தயாராகும். இனிப்பான காக்டெயில் அந்த வேலையைச் செய்யாது.

ஆனாலும் பிரன்ச்சுக்கு ஒரு இடம் உண்டு. முன்பதிவு செய்யலாம் என்பதே பெரிய விஷயம். வயதானவர்களை வைத்துக்கொண்டு வரிசையில் நிற்க முடியாது. பிறந்தநாள், பழைய நண்பர்கள் கூடும் நாள், குடிப்பவர்கள் பாதி, குடிக்காதவர்கள் பாதி என்ற கூட்டத்துக்கு அது வசதி. போவதற்கு முன் இரண்டு கேள்வி கேட்டுவிடுங்கள்: பத்து சதவீத சேவைக் கட்டணமும் டீக் கட்டணமும் விலைக்குள் அடக்கமா, டிம்சம் மேசைக்குப் புதிதாக வருமா அல்லது பஃபேயில் வைத்திருப்பார்களா? பஃபே என்றால் வேண்டாம். தள்ளுவண்டியின் குறை அத்தனையும் அதில் உண்டு, வண்டியின் கலகலப்பு மட்டும் இருக்காது.

என் கைக்காசில், அவசரமில்லாத ஞாயிறு என்றால் இந்த மூன்றையும் விட்டு ஸ்டான்லி தெருவின் லுக் யூ டீ ஹவுஸுக்குப் போவேன். 1933இல் தொடங்கியது, சீட்டுக் கடையின் சுடச்சுடப் புதிதான டிம்சமும் கூடத்தின் நிதானமும் ஒன்றாகக் கிடைக்கிற இடம். டீயை அங்கே மதித்துப் போடுகிறார்கள். விலை கூடுதல்தான், டீக்காகக் கொடுக்கலாம். எங்கே போனாலும் பக்கத்தில் இருப்பவர் உங்களுக்கு டீ ஊற்றினால் இரண்டு விரலால் மேசையை மெல்லத் தட்டுங்கள், அதுதான் நன்றி. கெட்டில் காலியானால் மூடியைச் சாய்த்து வைத்தால் போதும், வெந்நீர் தானாக வரும்.

சைவக்காரர்களுக்கு மேலே சொன்ன எதுவும் எளிதல்ல. முள்ளங்கி கேக் என்று பெயரைப் பார்த்து எடுத்துவிடாதீர்கள், உள்ளே சீன சாசேஜும் காய்ந்த இறாலும் இருக்கும். சேப்பங்கிழங்கு வடை மாதிரி இருப்பதன் உள்ளேயும் பெரும்பாலும் பன்றிதான். ஹாங்காங் பூங்காவுக்குள் இருக்கும் லாக் சா டீ ஹவுஸில் டிம்சம் முழுக்கச் சைவம், டீயும் அருமை. ஹலால் வேண்டுமென்றால் வான் சாயில் அம்மார் மசூதிக் கட்டடத்தின் கேன்டீன்: அங்கே பன்றி இல்லாத சியூ மை (மேலே திறந்த அவித்த கொழுக்கட்டை) கிடைக்கும், மதியத்துக்கு முன்பே போய்விடுங்கள்.