சௌராஸ்தா மாடியில் எடுத்த ஆக்ஸ்போர்டு அகராதி

மலேசியாவில் ஐந்தாம் படிவ முடிவில் வரும் எஸ்.பி.எம். தேர்வை எழுதப்போகும் பிள்ளை வீட்டில் இருந்தால், பினாங்கு சௌராஸ்தா சந்தை மாடியில் இருக்கும் பழைய புத்தகக் கடைகளுக்குப் போய்ப் பாருங்கள். என் மகளுக்கு ஆக்ஸ்போர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் அகராதியை அங்கேதான் எடுத்தேன். 2015-இல் வந்த ஒன்பதாம் பதிப்பு. பேரம் பேசி 35 வெள்ளி (ரிங்கிட்).

அதுவரை வீட்டில் இருந்தது ஒரு கையடக்க ஆங்கிலம்-தமிழ் அகராதி. அதில் ‘ஆட்லி’ (oddly) என்று தேடினால் ‘விசித்திரமாக’ என்று ஒரே சொல், அவ்வளவுதான். அதை நம்பி மகள் கட்டுரையில் ‘தி ஷாப் ஓப்பன்ட் ஆட்லி’ என்று எழுதினாள். தைப்பூசத்தன்றும் கடை திறந்திருந்ததே என்ற ஆச்சரியத்தைத்தான் சொல்ல வந்தாள். படிப்பவருக்கோ, கடையை ஏதோ கோணல்மாணலாகத் திறந்தார்கள் என்று படும்.

ஆக்ஸ்போர்டு இதை இரண்டாகப் பிரித்துத் தருகிறது. செய்யும் விதம் வழக்கத்துக்கு மாறாக இருப்பது ஒன்று. சொல்கிறவருக்கே செய்தி வியப்பாக இருப்பது இன்னொன்று. ‘ஹி ஸ்போக் ஆட்லி’ என்றால் அவர் பேசிய விதமே ஒரு மாதிரி. ‘ஆட்லி, ஹி ஸ்போக்’ என்று முன்னால் வைத்துக் காற்புள்ளி போட்டால், வாயே திறக்கமாட்டார் என்று நினைத்த ஆள் பேசிவிட்டார். ‘ஆட்லி இனஃப்’ என்பது, ‘வேடிக்கை என்னன்னா’ என்று நாம் பேச்சைத் தொடங்குவோமே, அதேதான். ‘ஆட்லி ஃபெமிலியர்’ என்பதற்கு ‘ஏனோ பழகிய முகம் போல’ என்று மகளே சொன்னாள். அந்த ‘ஏனோ’ எவ்வளவு கச்சிதம்! எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இந்த அகராதியின் மூல ஆசிரியர் ஹார்ன்பி ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தவர். முதலில் 1942-இல் தோக்கியோவில் வெளிவந்து, 1948-இல் ஆக்ஸ்போர்டு பதிப்பாயிற்று. வேறு தாய்மொழிக்காரர் எங்கே தடுமாறுவார் என்று தெரிந்து செய்த வேலை. அதனால்தான் சொல்லை வாக்கியத்தில் எங்கே வைப்பது என்பதும் எடுத்துக்காட்டுகளிலேயே கிடைக்கிறது.

குறைகள்: எழுத்து பொடி, தாள் மெலிசு, பள்ளிப் பையில் வைத்துத் தூக்க முடியாத கனம். எனக்குக் கிடைத்த பிரதியில் அதோடு வரும் டிவிடி இல்லை. அப்புறம், எஸ்.பி.எம். ஆங்கிலம் 2021 முதல் ஐரோப்பியத் தரநிலைப்படி நடக்கிறது. அந்தத் தரநிலையில் எந்தச் சொல் பி1 (இடைநிலை), எது சி1 (உயர்நிலை) என்ற குறியீடு 2020-இல் வந்த பத்தாம் பதிப்பில்தான் உண்டு. கிடைத்தால் அதை எடுங்கள். பழையதானால், பக்கங்கள் கழன்றிருக்கின்றனவா என்று புரட்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.