லே போக எந்த வழி: ஸ்ரீநகரா, மணாலியா?

லடாக்கின் முக்கிய நகரமான லேவுக்குப் போகிறவர்கள் முதலில் மோதிக்கொள்வது இதில்தான். நாங்கள் ஒரு செப்டம்பரில் ஸ்ரீநகர் வழியாக ஏறி, மணாலி வழியாக இறங்கினோம். ஸ்ரீநகர் வேண்டும் என்று அடம்பிடித்தது நான். இரண்டையும் பார்த்த பிறகும் என் ஓட்டு அதற்குத்தான்.

தூரத்தை வைத்து முடிவெடுக்க ஒன்றுமில்லை. இரண்டுமே 420, 430 கி.மீ. அளவில்தான் வரும். 2020இல் அடல் சுரங்கம் திறந்த பிறகு மணாலி வழியில் போகிறவர்களுக்கு ரோத்தாங் கணவாய் ஏறும் வேலையும் மிச்சம். டெல்லியில் ராத்திரி பஸ் ஏறினால் காலையில் மணாலி, அது ஒரு வசதி. வெளிமாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் எடுக்காது. எந்த வழியில் போனாலும் போஸ்ட்பெய்டு வேண்டும்.

உயரம்தான் விஷயம். உடம்பு பழகுவதற்குள் ஏறிவிட்டால் மெலிந்த காற்று படுத்திவிடும். அதுவும் கணவாயின் உயரம் அல்ல, ராத்திரி படுக்கும் இடத்தின் உயரம். 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால், தூங்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது என்பது மலை மருத்துவத்தில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. ஸ்ரீநகர் 1,585 மீட்டர். மறுநாள் ராத்திரி கார்கிலில், 2,676 மீட்டர். நம் தொட்டபெட்டா உச்சியைவிட நாற்பது மீட்டர்கூட அதிகமில்லை. அடுத்த ராத்திரி லே, சுமார் 3,500. இந்தச் சாலையின் உச்சமான ஃபோட்டு லா ('லா' என்றால் கணவாய்) 4,108 மீட்டர். அங்கே இறங்கி ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு கீழே போய்விடலாம். உடம்புக்கு அது தெரியவே தெரியாது.

மணாலி வழியில் இந்தக் கணக்கு உதைக்கிறது. முதல் ராத்திரி ஜிஸ்பா, 3,200 மீட்டர் வாக்கில். சரி. அடுத்தது? சர்ச்சுவில் கூடாரம் போட்டால் 4,290. ஒரே நாளில் ஆயிரம் மீட்டருக்கு மேல் தாவல். அது வேண்டாம் என்றால் பாரலாச்சா, நக்கீ லா, லாச்சுங் லா, டாங்லாங் லா என்று நான்கு கணவாய்களை ஒரே மூச்சில் தாண்டி லே போய்ச் சேர வேண்டும். இதில் கடைசி இரண்டும் 5,000 மீட்டருக்கு மேல். டாங்லாங் லாவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிக்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

திரும்பும்போது, மணாலிச் சாலையில் பாங் என்ற இடத்தில் ஒரு தார்ப்பாய்க் கடையில் மேகி சாப்பிட உட்கார்ந்தோம். உள்ளே வரிசையாக மெத்தை போட்டிருந்தார்கள். அன்று மணாலியிலிருந்து ஏறி வந்த இளைஞர்கள் சிலர், நடுப்பகலில், ஷூவைக்கூடக் கழற்றாமல் நெற்றியில் துண்டைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தார்கள். ஒருவர் எழுந்து வெளியே போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தார். கடைக்கார அம்மாவுக்கு இது தினப்படி காட்சி போல. வெந்நீரை நீட்டிவிட்டு அவர் வேலையைப் பார்த்தார்.

ஒரே லேவுக்குப் போகும் இரண்டு சாலைகளில் ஏன் இந்த வித்தியாசம்? எல்லாம் ஆறுகள் செய்த வேலை. ஸ்ரீநகர் சாலையில் வரும் ஜோஜி லா, பெரும் இமயத்தில் விழுந்த ஒரு தாழ்ந்த வெட்டு, 3,528 மீட்டர். அதைத் தாண்டியதும் திராஸ், சுரு, அப்புறம் சிந்து என்று ஆழமாக அறுத்த பள்ளத்தாக்குகளிலேயே பெரும்பாலும் சாலை இறங்கிப் போகிறது. மணாலிச் சாலையோ பெரும் இமயத்தை பாரலாச்சாவில் தாண்டி, ஜன்ஸ்கார் மலைகளைக் குறுக்கே கடக்கிறது. நடுவில் இருக்கும் தரையே உயரம். மோரே சமவெளி 4,700 மீட்டரில் கிடக்கிறது. இறங்கி மூச்சு வாங்க இடமே இல்லை.

நான் ஸ்ரீநகரைச் சொல்ல இரண்டாவது காரணம் மழை. ஜூலை, ஆகஸ்டில் பருவமழை குலு, மணாலி பக்கம் நேராக வந்து மோதும். 2023 ஜூலையில் பியாஸ் ஆறு சாலையையே அரித்துக்கொண்டு போனது. காஷ்மீர்ப் பள்ளத்தாக்கு பீர் பஞ்சால் மலைக்குப் பின்னால் இருப்பதால் அங்கே பருவமழையின் வேகம் குறைவு. ஆனால் குளிர்காலத்தில் மேற்கிலிருந்து வரும் காற்று ஜோஜி லாவில் பனியைக் கொட்டிவிடும். வசந்தத்தில் அந்தப் பக்கம் எப்படி என்று என் அனுபவத்திலிருந்து சொல்ல முடியாது. பைக்கில் போகிறவர்கள் கணக்கும் வேறாக இருக்கலாம். நாங்கள் போனது வாடகை வண்டியில்.

ஸ்ரீநகர் வழியில் எரிச்சல் இல்லாமல் இல்லை. ஜோஜி லாவில் லாரிகள் அடைத்துக்கொண்டால் காத்துக் கிடக்க வேண்டும். அமர்நாத் யாத்திரை நடக்கும்போது சோனாமர்க் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது. அழகில் மணாலிதான் ஒரு படி மேல், ஒப்புக்கொள்கிறேன். ஸ்ரீநகர் வழியில் வரும் லாமாயுருவில் பழைய ஏரிப்படுகையின் மஞ்சள் மண் மடிப்பு மடிப்பாக நிற்பதைப் பார்த்து வாய் பிளந்தவன்தான் நானும். ஆனாலும் மோரே சமவெளியில் மணிக்கணக்கில் மேகநிழல் மட்டும் கூட வர, நேராக ஓடும் சாலைக்கு ஈடு கிடையாது.

அதை ரசிக்க உடம்பு ஒத்துழைக்க வேண்டுமே. லேயில் சில நாள் இருந்து பழகிவிட்டால் அதே 4,700 மீட்டர் ஒன்றும் செய்யாது. அதனால்தான் ஏற ஸ்ரீநகர், இறங்க மணாலி என்கிறேன். இறங்கும்போது சர்ச்சுவில் தங்கிவிட்டு விடியக் கிளம்புங்கள். பாரலாச்சா பக்கம் சாலையில் குறுக்கிடும் ஓடைகள் பனி உருகிய தண்ணீர். காலையில் கணுக்கால் அளவு ஓடுவது, வெயில் ஏறினால் வண்டியை நிறுத்திவிடும்.